திரையில் இருளைத் தேடிய வரலாறு

இரவு நேரத்தில் அறையின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, கணினித் திரையில் முழுவதும் கறுப்பான ஒரு படத்தை நிறுத்திச் சற்று நேரம் நோக்கினால் நம்மில் பலருக்கு வியப்பு உண்டாகும். கறுப்பு என்று நாம் நம்பியிருந்தது கறுப்பே அன்று. சாம்பல் பூத்த கரியினைப் போன்ற ஒரு மங்கல் ஒளி அது. மூலைகளில் அவ்வொளி சிறிது கூடியும், சில திரைகளில் மஞ்சள் பாய்ந்தும், சிலவற்றில் நீலம் கலந்தும் தோன்றும். ஒரு கோடிக்கு மேற்பட்ட வண்ணங்களைப் பிரித்துக் காட்ட வல்ல கருவி, ஒளியே இல்லாத நிலையைக் காட்டுவதற்கு மட்டும் இத்துணை திணறுவானேன்? இவ்வினாவின் வழியே பின்னோக்கிச் சென்றால் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று விரிகின்றது. அவ்வரலாற்றின் இரண்டு இடங்களில், கல்கத்தாவில் பிறந்து பெங்களூரில் ஆராய்ச்சி புரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துச் சகோதரர் இருவரின் பெயர்கள் வருகின்றன. பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனைச் சற்று உரிமையோடு கேட்கலாம்.

முதலில் கண்ணாடிக் குழாயிலிருந்து தொடங்குவோம். 1897-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பணியாற்றிய பிரௌன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர், எலெக்ட்ரான் கற்றையை ஒளிரும் பூச்சின் மீது பாய்ச்சி அசைக்கும் குழாயை அமைத்தார். அக்குழாயின் வழித்தோன்றலே நாம் 'பிக்சர் டியூப்' என்று வழங்கிய படக்குழாய். இந்திய நாட்டில் அது பொதுமக்கள் கண்ணில் பட்டது 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், டில்லியில், அகில இந்திய வானொலியின் சோதனை ஒளிபரப்பின்போது. பம்பாய்க்கு 1972-இலும், கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் 1975-இலும் தொலைக்காட்சி வந்தது. ஆகவே கரோல் பாக்கிலும் மாதுங்காவிலும் குடியிருந்த தமிழர், சென்னையிலிருந்த உற்றார் உறவினருக்கு முன்னரே இச்சாதனத்தைக் கண்டவர்கள். விடுமுறைக்கு ஊர் சென்றபோது அதனை வருணித்துப் பெருமை கொண்டவர்களும் உண்டு.

அக்காலத்துப் பெட்டிகளை நினைவுகூர்வோர் ஒன்றனை அறிவர். அணைத்து வைத்த திரை கறுப்பாக இராது. பச்சை கலந்த சாம்பல் நிறமாகவே இருக்கும். திரை அணைந்திருக்கையில் அது காட்டும் நிறத்தைக் காட்டிலும் கறுப்பான நிறத்தை அதில் எந்தப் படமும் காட்ட இயலாது. படம் என்பது ஒளியைக் கூட்டுவதேயன்றி, அறையின் ஒளியை உறிஞ்சிக் கொள்வதன்று. அங்ஙனமாயின் செய்தி வாசிப்பவரின் தலைமயிர் நமக்குக் கறுப்பாகத் தெரிந்தது எவ்வாறு? பக்கத்திலிருந்த வெண்மையோடு ஒப்பிட்டுக் கண்ணே அவ்வாறு முடிவு செய்துகொண்டது. இருட்டறையில் படக்குழாய் ஏறக்குறைய உண்மையான கறுப்பையே தந்தது. ஏனெனில் எலெக்ட்ரான் பாயாத இடத்தில் பூச்சு ஒளிர்வதில்லை. குறை பூச்சின் வெளிர் நிறத்தில் இருந்தது. அறையின் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பியது. 1969-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், வண்ணப் படக்குழாயில் ஒளிரும் புள்ளிகளின் இடைவெளிகளைக் கரிய பொருளால் நிரப்பி இக்குறையைப் பெருமளவு குறைத்தது. கறுப்பைக் கூட்டியதனால் படமே பிரகாசமாகத் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, இன்றைய தட்டைத் திரைகளின் மூலத்தைக் காண்போம். அது மின்சாரச் சாலையில் தோன்றியதன்று. காரட் கிழங்கில் தோன்றியது. 1888-ஆம் ஆண்டில் பிராக் நகரில் ரைனிட்சர் என்னும் தாவரவியலார், காரட்டிலிருந்து பிரித்த கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடேற்றிக் கொண்டிருந்தார். 145.5 டிகிரி வெப்பத்தில் அது உருகிக் கலங்கல் நீராயிற்று. 178.5 டிகிரியில் கலங்கல் மறைந்து தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? விடை காணாது, படிகங்களை ஆராய்ந்து வந்த லேமான் என்பாருக்கு அவர் எழுதினார். லேமான் அதனை நுண்பெருக்கியில் நோக்கி, நீரைப் போல ஓடுவதும் படிகத்தைப் போல ஒளியை மாற்றுவதுமான அந்நிலைக்குத் திரவப் படிகம் என்னும் கருத்துடைய பெயரை வழங்கினார். அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் அது ஆய்வுக்கூட விந்தையாகவே கிடந்தது.

1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆராய்ச்சிக்கூடத்தில் ஹைல்மையர் குழுவினர் அதனை மின்சாரத்தால் கட்டுப்படுத்திக் காட்டி, 1968-இல் உலகுக்கு அறிவித்தனர். சுவரில் மாட்டும் தொலைக்காட்சி விரைவில் வருமென்று அப்போதே பேசப்பட்டது. முதலில் வந்தவை கைக்கடிகாரங்களும், 1973-இல் ஜப்பானிய ஷார்ப் நிறுவனத்தின் சிறு கணக்கிடும் கருவியுமே. இதற்கிடையே ஆர்.சி.ஏ.யை விட்டுச் சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்குச் சென்ற ஹெல்ஃபிரிக், ஷாட் என்பாருடன் சேர்ந்து 1970 டிசம்பரில் காப்புரிமை கோரிய ஓர் அமைப்பே எல்லாவற்றையும் மாற்றியது. அதனை டி.என். என்று சுருக்கமாகக் கூறுவர்.

அதன் செயலைச் சிறிது விளக்க வேண்டும். ஒளியலைகள் பல தளங்களில் அதிர்ந்து வருபவை. ஒரே தளத்து அதிர்வை மட்டும் விடுத்து ஏனையவற்றைத் தடுக்கும் தகடுகள் உண்டு. அத்தகைய இரண்டு தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி கடவாது. அவற்றிற்கு நடுவே இரண்டு கண்ணாடிகளை வைத்து, அவற்றினிடையே கோல் வடிவ மூலக்கூறுகளைக் கொண்ட திரவப் படிகத்தை நிரப்புகின்றனர். மேற்கண்ணாடியில் ஒரு திசையிலும் கீழ்க்கண்ணாடியில் அதற்குக் குறுக்காகவும் மூலக்கூறுகள் படுத்திருப்பதால், இடையிலுள்ளவை படிப்படியாக முறுக்கிக் கொண்டு நிற்கும். அம்முறுக்கு ஒளியின் அதிர்வுத் தளத்தையும் உடன் திருப்பி, இரண்டாந் தகட்டின் வழியே வெளியேறச் செய்யும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும், முறுக்குக் குலையும், ஒளி அடைபடும், புள்ளி கறுக்கும். கோடிக்கணக்கான சிறு புள்ளிகளை ஒவ்வொன்றாக இயக்குவதற்குக் கண்ணாடியின் மீதே மெல்லிய டிரான்சிஸ்டர்களைப் படியச் செய்யும் முறை 1970-களில் உருவாயிற்று. 1988-இல் ஷார்ப் நிறுவனம் பதினான்கு அங்குல வண்ணத் திரையைக் காட்டியது. கணினித் திரையின் வரலாறு இங்கிருந்து வேகம் கொள்கின்றது.

ஆனால் கறுப்பு? இங்கேதான் அடிப்படைச் சிக்கல் அமைந்துள்ளது. திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதன்று. அதன் பின்னே ஒரு விளக்கு ஓயாது எரிகின்றது. கறுப்பு வேண்டிய இடத்தில் கதவைச் சாத்துகிறோம். சாத்திய கதவின் இடுக்கில் வெளிச்சம் கசிவதைப் போலவே இங்கும் கசிகின்றது. டி.என். அமைப்பில் கண்ணாடியை ஒட்டிய மூலக்கூறுகள் முழுதும் எழுந்து நிற்பதில்லை. நேரே நோக்கும்போது இக்குறை பெரிதாகத் தெரியாது. பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ நோக்கினால், சாய்ந்து நிற்கும் மூலக்கூறுகளின் ஊடே ஒளி வேறு வழியாக வந்து, கறுப்பு வெளிறிச் சில வேளைகளில் வண்ணங்களே தலைகீழாகும். பழைய மடிக்கணினியை நால்வர் சூழ்ந்திருந்து பார்க்க முயன்ற குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இக்கசிவைத் தடுக்கக் கிடைத்த ஒரு மருந்தின் மூலம் பெங்களூரில் இருக்கின்றது. சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய தாயார் சீதாலட்சுமி, ஸர் சி. வி. ராமனின் தங்கை. நாகபுரியில் பயின்று, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்து, கேம்பிரிட்ஜ் சென்று மீண்டு, 1961-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை ஏற்றார். திரவப் படிகங்களின் மேல் அவருக்கு நாட்டம் ஏற்பட்டது அங்கேதான். 1971-இல் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கெனவே ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். கல்கத்தா, நாகபுரி, பெங்களூர், மைசூர் என்னும் இவ்வூர்ப் பட்டியல் அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு இடம் பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றின் பட்டியலைப் போலவே இருக்கின்றதன்றோ?

அதுவரை அறியப்பட்ட திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் ஏறத்தாழ எல்லாம் கோல் வடிவினவாகவே இருந்தன. நீண்ட மூலக்கூறுகளே ஒரு திசையில் அணிவகுக்கும் என்று கொள்வது இயல்புதான். வட்டத் தட்டுப் போன்ற மூலக்கூறுகள், நாணயங்களை அடுக்கியது போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் திரவப் படிகம் ஆகக் கூடாதா என்று சந்திரசேகர் எண்ணினார். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு நீண்ட சங்கிலிகள் கொண்ட பொருள்கள் ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கப்பட்டன. சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து 1977-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரை, தட்டு வடிவத் திரவப் படிகம் உண்டு என்பதை நிலைநாட்டியது. அவ்வுரை வெளிவந்தது அயல்நாட்டு இதழில் அன்று. பெங்களூரிலிருந்து வெளியாகும் 'பிரமாணா' என்னும் இந்திய இதழில். உலகெங்கும் ஆராய்ச்சியாளர் அதனைத் தேடிப் படித்தனர்.

இக்கண்டுபிடிப்பு திரைக்கு எங்ஙனம் பயன்பட்டது? சாய்ந்த கோல்கள் ஒளியைத் திரிக்கும் தன்மைக்கு நேர் எதிரான தன்மை சாய்ந்த தட்டுகளுக்கு உண்டு. 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபூஜி புகைப்படச் சுருள் நிறுவனம், தட்டு வடிவ மூலக்கூறுகளைச் சாய்வாக அடுக்கி இறுகச் செய்த ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கிற்று. டி.என். திரையின் இருபுறமும் அதனை ஒட்டினால், கோல்கள் செய்த பிழையைத் தட்டுகள் திருத்திவிடும். பக்கவாட்டில் நோக்கினாலும் கறுப்பு கறுப்பாக நிற்கும். விலை மலிந்த திரைகள் பலவற்றில் இப்படலம் இடம்பெற்றது. கண்டுபிடித்த நாடு ஒன்று, அதனைப் பொருளாக்கி விற்ற நாடு வேறொன்று என்பது இந்திய விஞ்ஞான வரலாற்றில் புதிதன்று. சந்திரசேகர் மட்டில் இதனை நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். 1991-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சிக்கென்றே ஒரு தனி மையம் நிறுவக் காரணமாயிருந்தார். 2004-இல் அவர் காலமானார்.

படலம் ஒட்டித் திருத்துவதைவிட, மூலக்கூறுகளை நிறுத்தும் முறையையே மாற்றுவது வேறு வழி. அதில் இரண்டு பள்ளிகள் தோன்றின. ஜெர்மனியில் 1990-ஐ ஒட்டிக் காப்புரிமை பெற்று, 1996-ஐ ஒட்டி ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்த ஐ.பி.எஸ். முறையில், கோல்கள் எழுந்து நிற்பதே இல்லை. கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்புகின்றன. ஆகவே எப்பக்கமிருந்து நோக்கினும் வண்ணம் பெரிதும் மாறுவதில்லை. 1990-களின் பிற்பகுதியில் ஃபூஜித்ஸூ நிறுவனம் வளர்த்த வி.ஏ. முறையில், மின்னழுத்தம் இல்லாதபோது கோல்கள் செங்குத்தாக நிற்கின்றன. செங்குத்தாக நிற்கும் கோல் நேரே வரும் ஒளியைத் தொடுவதே இல்லை. எனவே குறுக்குத் தகடுகள் தம் முழு வன்மையோடு ஒளியைத் தடுக்கின்றன.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெண்மையின் ஒளிர்வைக் கறுப்பின் ஒளிர்வால் வகுத்தால் கிடைப்பதனை மாறுபாட்டு விகிதம் என்பர். ஐ.பி.எஸ். திரைகளில் இது பெரும்பாலும் 1000-ஐ ஒட்டியும், வி.ஏ. திரைகளில் 3000-ஐ ஒட்டியும் இருக்கும். சதுர மீட்டருக்கு 300 கேண்டலா வெண்மை காட்டும்படி வைத்தால், ஐ.பி.எஸ். திரையின் 'கறுப்பு' 0.3 கேண்டலா ஒளிவிடும், வி.ஏ. திரையினது 0.1. பகல் வெளிச்சத்தில் இவ்வேற்றுமையை ஒருவரும் உணரார். இரவில், நட்சத்திரங்கள் நிறைந்த வானத்தையோ பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தையோ காணும்போது உடனே புலப்படும். 2022-இல் ஏறக்குறைய 2000 விகிதம் தரும் புதுவகை ஐ.பி.எஸ். திரைகள் கணினிகளுக்கு வந்தன.

எனின் வி.ஏ. முறையே சிறந்ததென்று முடிவு கட்டிவிடலாமோ? கூடாது. அதில் கரிய சாயலிலிருந்து சற்றே வெளிறிய சாயலுக்குப் புள்ளி மாறுவது மெதுவாக நிகழ்வதால், இருண்ட காட்சியில் ஓடும் உருவத்தின் பின்னே கரிப்பூச்சு இழுத்தது போன்ற ஒரு தடம் தெரியும். நேர் எதிரில் அமர்ந்து நோக்குபவருக்கு நிழலிலுள்ள நுட்பங்கள் கறுப்பில் அமுங்கிப் போவதும், சற்று விலகி அமர்ந்தால் அவை வெளிப்படுவதும் உண்டு. புகைப்படம் திருத்துவோர் கறுப்பைச் சிறிது விட்டுக் கொடுத்தேனும் ஐ.பி.எஸ்.ஸையே நாடுவது இதனால்தான். டி.என். திரை விரைவு ஒன்றையே தன் வலிமையாகக் கொண்டு விளையாட்டுப் பிரியரிடையே நெடுநாள் நிலைத்தது. வேறு எதனையும் கருதி அதனை வாங்க வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து.

பின்விளக்கை நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதிகளில் மட்டும் தணிப்பது மற்றோர் உபாயம். திரைப்படத்திற்கு இது நன்று. கறுத்த பின்னணியில் வெள்ளை அம்புக்குறி ஒன்று நகரும்போது அதனைச் சூழ்ந்து பரிவேடம் போல ஓர் ஒளிவட்டமும் உடன் நகர்வதைக் காணலாம்.

தானே ஒளிரும் திரைகளைத் தேடிய கதையும் பழையதே. 1964-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடத்திற்கென உருவான பிளாஸ்மாத் திரை, பின்னர்ப் பெரிய தொலைக்காட்சியாக வளர்ந்தது. 2007-இல் பயனியர் நிறுவனம் தன் பிளாஸ்மாவுக்கு 'குரோ' என்று பெயரிட்டது; ஜப்பானிய மொழியில் அதற்குக் கறுப்பு என்பதே பொருள். கறுப்பையே பெயராகச் சூட்டி விற்ற பொருள் வேறுண்டோ என்பது ஐயமே. கண்டவர் அனைவரும் புகழ்ந்தனர். ஆயினும் விலை தாங்காது 2009-இல் அந்நிறுவனம் தொலைக்காட்சித் தொழிலைவிட்டு விலகுவதாக அறிவித்தது. புள்ளிகளை மிகச் சிறிதாக்க இயலாமையால் பிளாஸ்மா கணினி மேசைக்குப் பரவலாக வரவில்லை.

வந்தது ஓ.எல்.இ.டி. 1987-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் என்னும் இருவர், கரிமப் பொருள்களின் மெல்லிய படலங்களில் குறைந்த மின்னழுத்தத்தால் ஒளி தோற்றுவித்தனர். 2007-இல் சோனி பதினொரு அங்குலத் தொலைக்காட்சியை விற்றது. கணினித் திரைகளாக இவை பரவலானது 2022-க்குப் பிறகே. இங்கே பின்விளக்கு இல்லை. கறுப்பு வேண்டிய புள்ளி அணைந்துவிடுகின்றது. மாறுபாட்டு விகிதத்தைக் கணக்கிட முயன்றால் சுழியத்தால் வகுக்க நேர்கின்றது.

ஆயினும் விளக்கேற்றிய அறையில் இதற்கும் ஓர் இடையூறு உண்டு. ஓ.எல்.இ.டி.யின் உட்புறத்தில் கண்ணாடி போன்று மின்னும் உலோகப் படலம் உள்ளது. அறையின் வெளிச்சம் உட்புகுந்து அதில் பட்டுத் திரும்பினால் கறுப்பு மறைந்து நம் முகமே தெரியும். இதனைத் தடுக்க ஒளியைச் சுழல்முறையில் அதிரச் செய்யும் படலம் ஒன்று முன்னே ஒட்டப்படுகின்றது. உட்செல்லும் ஒளி வலஞ்சுழியாயின், உலோகத்தில் பட்டு இடஞ்சுழியாகத் திரும்பி அதே படலத்தில் சிக்கிக் கொள்ளும். இம்முறையின் தொல்லை யாதெனின், சாதாரணப் படலம் ஒரு நிறத்திற்கே சரியாகப் பொருந்தும். ஏனைய நிறங்கள் ஓரளவு தப்பி வரும். கறுப்பு நிறம் பூசிக் கொள்ளும்.

எல்லா நிறங்களுக்கும் பொருந்துமாறு செய்வதெப்படி? 1955-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில், இருபத்தோராம் வயதை ஒட்டிய ஓர் இளைஞர் இதற்கு வழி எழுதியிருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகளைத் தக்க கோணங்களில் அடுக்கினால் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்யும் என்பது அவர் கண்டது. அவ்விளைஞர் பஞ்சரத்னம். 1934-இல் கல்கத்தாவில் பிறந்தவர். மேலே கூறிய சந்திரசேகரின் தம்பி. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் படிகங்களின் ஒளியியலை ஆராய்ந்து வந்த காலம் அது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பல்லாண்டு கழித்து உலகப் பௌதிகர்களால் போற்றப்பட்டு, இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. அப்புகழைக் காண அவர் இல்லை. 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில், முப்பத்தைந்து வயதில் மறைந்தார். இன்றைய ஓ.எல்.இ.டி. திரைகளின் எதிரொளி தடுக்கும் படலங்களில் அவர் காட்டிய அடுக்குமுறையைத் தழுவியவை உண்டு. அண்ணன் கண்ட பொருள் பழைய திரையின் கறுப்பைக் காத்தது. தம்பி கண்ட முறை புதிய திரையின் கறுப்பைக் காக்கின்றது.

2022-இல் வந்த ஒருவகை ஓ.எல்.இ.டி. கணினித் திரைகள் பிரகாசம் குறையுமென்று கருதி இத்தளவிளைவுப் படலத்தை விட்டுவிட்டன. இருட்டறையில் அவற்றின் கறுப்புக்கு ஈடில்லை. பகலில் சன்னலுக்கு எதிரே வைத்தால், அணைந்த திரையே ஊதா கலந்த சாம்பலாகத் தோன்றுகின்றது. டில்லியின் பழைய பெட்டியில் கண்ட அதே காட்சி!

மேலும், ஓ.எல்.இ.டி.யின் புள்ளிகள் உழைப்பிற்கேற்பத் தேய்வன. ஒரே பட்டியல் நாள் முழுதும் ஒரே இடத்தில் நின்றால் அதன் சுவடு நிலைத்துவிடக் கூடும். அலுவலகக் கணக்கும் கடிதமும் எட்டு மணி நேரம் திரையில் நிற்கும் வீட்டிற்கு ஐ.பி.எஸ். போதும்; இரவில் விளக்கணைத்துப் படம் காண்பதே பெரிதாயின் வி.ஏ. அல்லது ஓ.எல்.இ.டி. எதனை வாங்குவதாயினும், கடையின் நூறு விளக்குகளின் கீழ்க் கறுப்பை ஒப்பிட முடியாது. கடைக்காரர் இசைவாராயின், திரையை இருண்ட மூலைக்குக் கொண்டு சென்று, முழுக் கறுப்புப் படம் ஒன்றை இட்டு, நேரேயும் பக்கவாட்டிலும் நின்று நோக்குக. பின்னர் விளக்கைப் போட்டு மீண்டும் ஒருமுறை நோக்குக.